முள் ஏறும்வரை

வுப்பெர்டாலில் நவம்பர் வந்தால்
மழை பெய்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.
டோர்பிங்ஹவுஸ் வாடகைக்கு விட்ட கராஜுக்குள்
லொறியின் மூக்கு மட்டும்தான் அடங்கும்.
மிச்சம் நனையும்.
ஐம்பத்தொரு வயது வண்டி,
என்னைவிட நாலு வயது மூப்பு.

ஒயில் அமுக்கம் காட்டும் மானி வேண்டும் என்றது செந்தூரன்.
கறுப்பு முகம், வெள்ளை எண்கள்,
பூச்சியத்திலிருந்து பத்துவரை.
"எதுக்கு? விளக்கு இருக்கே" என்றேன்.
டாஷ்போர்டில் எண்ணெய்க் குடுவைப் படம் போட்ட
சின்னச் சிவப்புக் கண்ணாடி.
எட்டு வருசத்தில் ஒருநாளும் எரிந்ததில்லை.
ஹாகனில் இதை விற்ற மனிசரும்
நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்,
தான் அது எரிந்து கண்டதே இல்லையென்று.

"விளக்கு வாய் திறக்கிறது
கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.
முள்ளெண்டால் முன்னமே முணுமுணுக்கும்."

சரி, ஸ்பானரை எடுத்தேன்.
எஞ்சின் கட்டையின் இடுப்பில்
விளக்குக்கான பழைய உணரி.
அதைக் கழற்றிய இடத்தில்
மூன்று வாய்ப் பித்தளைத் துண்டு ஒன்று:
எஞ்சினுக்கு ஒரு வாய், உணரிக்கு ஒன்று,
மானிக்குப் போகும் செப்புக் குழாய்க்கு ஒன்று.
முதலில் வாங்கியதன் புரி பொருந்தவில்லை.
மூன்று சுற்றில் இறுகியது;
இறுக்கம் இல்லை அது, கோணல்.
கடைக்காரன் மாற்றித் தந்தான்,
மன்னிப்பு மட்டும் கையிருப்பில் இல்லை.

செந்தூரன் புரியில் வெள்ளை நாடா சுற்றப்போனான்.
தட்டிவிட்டேன்.
விளக்குக்கு எர்த் போவதே அந்தப் புரிவழிதான்.
நாடா சுற்றினால் ஒயில் கசியாது,
விளக்கும் எரியாது.
(இதைச் சொன்ன வாயைப் பிறகு நினைத்துக்கொண்டேன்.)

செப்புக் குழாயில் ஒரு வளையம் விட்டேன்.
எஞ்சின் ஒரு விதமாய் நடுங்கும்,
வண்டியின் உடம்பு வேறு விதமாய்.
நடுவில் விறைத்து நிற்பது முறியும்.
"இதைக் கொண்டுபோய் எங்கட கலியாணத்தில பூட்டாதை"
என்றான் அடியிலிருந்து.

டாஷ்போர்டைத் திறந்தது குழாயை இழுக்கத்தான்.
ரோச் பிடித்தவன் கேட்டான்:
"இதுக்குள்ள பல்ப் எங்க?"

சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பல்ப் பிடி.
பிடிக்குள் தூசி.
தூசிக்குள் சிலந்தி கழற்றிப்போட்ட தோல்.
கருகவில்லை, உடையவில்லை.
யாரோ கழற்றியிருக்கிறார்கள்,
பொறுமையாக, வயரில் ஒரு கீறலும் விழாமல்.

ஹாகன் மனிசர் பொய் சொல்லவில்லை.

எட்டு வருசம்.
பழைய அலுமாரிகள், ஒரு பியானோ,
இரவோடிரவாக வீடு மாறிய மூன்று குடும்பங்கள்.
எல்பர்பெல்ட் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முனகும்போதெல்லாம்
அந்தக் கண்ணாடியைப் பார்த்து
"ஒண்டுமில்லை" என்று எனக்கே சொல்லியிருக்கிறேன்.
உண்மைதான்.
அங்கே ஒண்டும் இருக்கவில்லை.

ஸ்டார்ட் பண்ணினோம்.
முள் ஒரு கணம் யோசித்தது.
பிறகு நாலுக்கு ஏறி நின்றது.
இருவரும் மூச்சு விட்ட சத்தம்
டீசல் சத்தத்துக்கு மேலால் கேட்டது.

ஆற்றின்மேல் தொங்கி ஓடும் ரயிலுக்குக் கீழே
ஒரு மணித்தியாலம் ஓட்டினேன்.
எஞ்சின் சூடேற, சிக்னலில் நிற்க,
முள் ஒன்றுக்கும் கீழே இறங்கியது.
செந்தூரன் என் முழங்கையைப் பிடித்தான்.
கையேட்டைத் திறந்து சத்தமாய் வாசிக்கச் சொன்னேன்:
சும்மா ஓடும்போது அரை பார் போதும்.
நாலு தரம் வாசித்தான்.
பச்சை விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை.
பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

அதே பக்கத்தின் அடியில் இன்னொரு வரி.
சாவியைப் பாதி திருப்பினால் சிவப்பு எரியவேண்டும்,
எஞ்சின் பிடித்ததும் அணையவேண்டும்.
எட்டு வருசமாய் அந்தப் பக்கம்
இருக்கைக்கு அடியில் கிடந்தது.

இன்று காலை பல்ப் வாங்கினேன்,
ஒரு யூரோ இருபது சதம்.
பிடிக்குள் தள்ளி, சாவியைப் பாதி திருப்பினேன்.
எரிந்தது.
முள் பூச்சியத்தில், சிவப்பு அதன் பக்கத்தில்,
இரண்டும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டு.

செந்தூரன் படம் எடுக்கிறான்.
மழைக்குள் டோர்பிங்ஹவுஸ் எட்டிப் பார்க்கிறார்,
வண்டி கிளம்புமா இல்லையா என்று.
கொஞ்சம் பொறுங்கோ.